ஒன்பது பேரின் ஹாபி

3 பிப்ரவரி, செவ்வாய்

பிளேஸ்மென்ட் வகுப்பில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பயிற்சி. மெக்கானிக்கல் கடைசி வருடம் மொத்தமும் ஒரே பல்லவி – பெயர், ஊர், அப்பா விவசாயம், ஹாபி கிரிக்கெட். எரிச்சல். என் முறை வந்தபோது உள்ளதைச் சொன்னேன்: வீரமணி, கடத்தூர், கவிதை எழுதுவேன். பின்பெஞ்சில் சிரிப்பு. பிளேஸ்மென்ட் பார்க்கும் கோகிலவாணி மேடம் மட்டும் அதை ரெஸ்யூமிலும் போடச் சொன்னார். போட்டுவிட்டேன். தப்பு செய்துவிட்டேனோ?

நோட்டில் இருப்பது ஒன்பது கவிதை. யாரும் பார்த்ததில்லை. ஒன்றே ஒன்றைப் பஸ்ஸில் கூட வரும் என் வகுப்பு சென்றாயனுக்குப் படித்துக் காட்டினேன். அதோடு சரி.

5 பிப்ரவரி

சென்றாயன் ரெஸ்யூம் ஃபார்மட் கேட்டான். என் ஃபைலையே அனுப்பினேன்.

9 பிப்ரவரி, திங்கள்

போச்சு. அவன் அதை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறான். அவனோடு சேர்த்து எட்டுப் பேர் பெயர், மார்க், போன் நம்பரை மட்டும் மாற்றிவிட்டு, ஹாபி வரியை அப்படியே விட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை வரப்போகும் ஓசூர் கம்பெனிக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று. மேடம் என்னைத்தான் திட்டினார். காப்பி அடித்தவனை விட்டுவிட்டு என்னை ஏன்?

இந்த வருடம் எங்கள் டிபார்ட்மென்டுக்கு வரும் ஒரே கம்பெனி. தோட்டத்தில் போர் போட்டும் தண்ணீர் இல்லை. நீ ஓசூர் போய்விட்டால் போதும் என்று அப்பா தினமும் சொல்கிறார். அதைக் கேட்டுவிட்டுச் சாப்பிட முடியவில்லை.

10 பிப்ரவரி

எட்டுப் பேரும் கேன்டீனில் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கு ஒன்று வேண்டுமாம்.

"நாலு வரி குட்றா, மனப்பாடம் பண்ணிக்கறோம். நீ கவிதை எழுதப் போயி தான இவ்ளோ வம்பு" – பூபதி.

கொடுக்காவிட்டால் மாட்டுவார்கள். ஃபைல் யாருடையது என்று தோண்டினால் நானும். கொடுத்தேன். பூபதிக்கு லேத் மெஷின் கவிதை, சென்றாயனுக்குப் பஸ் கவிதை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்:

தொள்ளாயிரம் அடிக்குக் கீழே
இருந்த புழுதியை
அம்மா வாசலில் பெருக்குகிறாள்.

சென்றாயன் அதைத்தான் கேட்டான், பஸ்ஸில் படித்தது அது. முடியாது என்றேன். மூஞ்சி சுருங்கியது. சுருங்கட்டும்.

11 பிப்ரவரி

இங்கிலீஷ் எழுத்து வரிசையில் கூப்பிடுவார்களாம். நான்தான் கடைசி. எட்டுக் கவிஞர்களைக் கேட்டுச் சலித்த ஆளிடம் ஒன்பதாவதாக நான் என்ன சொல்ல?

12 பிப்ரவரி, வியாழன்

சென்றாயனுக்கு அடுத்து நான். எச்.ஆர். ரெஸ்யூமைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்களுமா? முன்னாடி வந்தவர் போர் போட்ட புழுதியப் பத்திச் சொன்னாரு. அதத்தான் இன்னும் நெனச்சிட்டிருக்கேன். உங்களோடது?"

அது என்னுது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் சென்றாயனைத் திரும்பக் கூப்பிடுவார்கள்.

"இப்ப எதுவும் இல்லைங்க சார்."

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

அவரே ரெஸ்யூமைப் புரட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனார். பிறகு கேட்ட டாலரன்ஸ் கேள்வி – அளவில் எவ்வளவு பிசகலாம் என்பது – ரொம்பச் சாதாரணம். அதையும் உளறினேன்.

வெளியே சென்றாயன் நின்றிருந்தான்.

"பஸ்ஸு மறந்துட்ச்சுடா. வாயில இது தான் வந்துச்சு. எங்க வூட்லயும் அந்த மண்ண எங்கம்மா தான் கூட்டுனாங்க."

அவனைத் தாண்டிப் பஸ்ஸுக்கு நடந்தேன்.

13 பிப்ரவரி

ஆறு பேர் தேர்வு. சென்றாயன் இருக்கிறான். நான் இல்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

16 பிப்ரவரி

சொன்னேன். சரி விடு என்றார். திட்டியிருக்கலாம்.

18 மார்ச்

அடுத்த வாரம் சேலத்தில் ஒரு இன்டர்வியூ, நானாகத் தேடிப் பிடித்தது. ஹாபி வரியை எடுத்துவிடலாமா என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. ஃபைலை மட்டும் பிடிஎஃப் ஆக்கிவிட்டேன்.

சென்றாயன் பயிற்சிக்கு ஓசூர் போய் இரண்டு வாரம். ஒரு மாதமாகப் பேச்சில்லை. இன்று மெசேஜ்: "வாட்ச்மேன் வரைக்கும் கவிஞரேன்னு தான் கூப்பிடறாங்க. இன்னொன்னு அனுப்புடா."

நீயே எழுது என்று பதில் போட்டேன்.

20 மார்ச்

எழுதி அனுப்பியிருக்கிறான். நாலு வரி. மூன்று குப்பை, அவனிடமே சொல்லிவிட்டேன். நாலாவது – 'ஷிஃப்ட் முடிஞ்சு சோத்துல கை வச்சா தட்டு அதிருது.'

நாளெல்லாம் மெஷின் பிடித்த கை. திரும்பத் திரும்பப் படித்தேன். இது எனக்கு ஏன் வரவில்லை?

நோட்டை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக்கொண்டேன். கீழே சென்றாயன் என்று போட்டேன்.