இடது காலுறை

இன்று காலை ஜொகூரின் பாசிர் கூடாங்கில், தொழிற்சாலைப் பேருந்துக்காக நின்றிருந்த ஒரு தொழிலாளி குனிந்து, பூட்ஸுக்குள் சரிந்துபோன இடது காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். உடனே என் வலது கால் தானாகப் பின்னே போய் முன்னே வீசியது. ஐம்பதை நெருங்கும் பொறியாளன், தலையில் பாதுகாப்புத் தொப்பியோடு, இல்லாத பந்தை உதைத்திருக்கிறேன்.

"என்னா சார், கால் மரத்துப்போச்சா?" என்றார் பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர்.

ஆமாம் என்றேன்.

நீ இறந்துபோன செய்தி போன வாரம்தான் வந்தது. நம் பழைய கால்பந்து அணியின் வாட்ஸாப் குழுவில் எல்லோரும் ஒரே படத்தைப் போடுகிறார்கள். எதிரணிச் சட்டையில் நீ, எங்களுக்கு எதிராக கோல் போட்டுவிட்டு, கொண்டாடாமல், இரண்டு கைகளையும் தூக்கி ஜொகூர் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்கிறாய். முன்பு ஆடிய அணிக்கு எதிராக கோல் போட்டால் கொண்டாடக் கூடாது என்பது ஆட்டக்காரர்களின் வழக்கம். படத்துக்குக் கீழே, "ஜென்டில்மேன்", "இவன மாதிரி இனி எவன் வருவான்" என்று எழுதுகிறார்கள். "நீதான் அவனுக்கு நெருக்கம், நீதான் படிச்சவன், நாலு வரி எழுது லா" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நாலு வரி இன்னும் வரவில்லை. இதுதான் வருகிறது.

நீ கானாவிலிருந்து வந்த இறக்குமதி ஆட்டக்காரன். கிளப் சொன்ன வீடு தயாராகாததால் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்தாய். சில நாள் என்றுதான் பேச்சு. சீசன் முழுக்க இருந்தாய். என் அம்மாவின் நெத்திலிச் சம்பல் உன்னைக் கட்டிப்போட்டது. தட்டை நீட்டி, "அம்மா, லாகி!" என்பாய். "இவன் வயித்துல என்னடா இருக்கு, ஆட்டுக் கொட்டாயா?" என்று அம்மா சிரித்துக்கொண்டே இன்னும் போடுவார். உனக்குத் தமிழ் வந்தது அந்தச் சாப்பாட்டு மேசையில்தான்.

திடலில் நீ நடுவே நிற்கும் தாக்குதல் ஆட்டக்காரன். நான் வலது ஓரமாக ஓடி உனக்குப் பந்தை உயர்த்திப் போடுகிறவன். பயிற்சி முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போன பிறகு நாம் இருவரும் ஒரு குறியை உண்டாக்கினோம். நீ இடது காலுறையை இழுத்தால் பந்து கோலில் என் பக்கமிருக்கும் முன் கம்பத்துக்கு. வலதை இழுத்தால் பின் கம்பத்துக்கு. முதலில் நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கத்தினாய்: "மச்சா, மூஞ்சி பாக்காத! மூஞ்சி பொய் சொல்லும். சோக்ஸ் பாரு!"

பார்த்தேன். நீ கோல்களாகப் போட்டாய். உன் பெயர் பத்திரிகையில் பெரிதாக வந்தது. என் பெயர் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. அதற்காக நான் வருந்தியதில்லை. வடக்கே ஒரு பெரிய கிளப் உன்னை அழைத்தபோதும் கோபப்படவில்லை. பேருந்து நிலையத்துக்கு உன் பையைத் தூக்கி வந்தவன் நான்தான்.

அடுத்த சீசன் அரையிறுதியில் உன் புதிய கிளப்பே எங்களுக்கு எதிராக வந்தது. எனக்கு அது வெறும் ஆட்டமில்லை. வயது ஏறிக்கொண்டிருந்தது, நன்றாக ஆடினால்தான் இன்னொரு ஒப்பந்தம். உன் இடத்துக்கு வந்தவருக்கும் நம் குறியைத்தான் பழக்கியிருந்தேன். ஆட்டத்துக்கு முன்பு எங்கள் பயிற்றுநர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அவன் இப்ப அந்தப் பக்கம் லா. குறிய மாத்து."

"அவன் சொல்ல மாட்டான், கோச்."

"நீ கேரண்டியா?"

"நான் கேரண்டி. எங்க வீட்ல சாப்பிட்டவன் அவன்."

உன் இடத்துக்கு வந்தவர் இடது காலுறையை இழுத்தார், முதல் பந்தை முன் கம்பத்துக்குப் போட்டேன். உங்கள் உயரமான தற்காப்பு ஆட்டக்காரன் பந்துக்கு முன்பே அங்கே நின்றான். தற்செயல் என்று நினைத்தேன். அடுத்ததைப் பின் கம்பத்துக்குப் போட்டேன், அங்கேயும் அவனே. மூன்றாவது முறை நான் பந்தோடு ஓடி வரும்போது அவன் என்னைப் பார்த்துக்கொண்டே குனிந்து, தன் இடது காலுறையை மெதுவாக இழுத்துவிட்டுச் சிரித்தான். நான் உன்னைத் தேடினேன். நடுக்கோட்டருகே நீ மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு நீ அந்த கோலைப் போட்டாய். கொண்டாடவில்லை. எங்கள் ரசிகர்களே எழுந்து நின்று உனக்குக் கைதட்டினார்கள். அதே ரசிகர்கள் என்னைப் பார்த்து ஊளையிட்டார்கள். ஒரு பந்தைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாதவன் அல்லவா நான்.

ஆட்டம் முடிந்து நீ கை நீட்டினாய். "சொன்னியா?" என்று மட்டும் கேட்டேன்.

"கெர்ஜா, மச்சா. வேலை. நீ இங்க பொறந்தவன். நான் ரெண்டு மேட்ச் சும்மா நின்னா ஊருக்கு அனுப்பிருவான்."

பொய் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். நீ அனுப்பப்படவில்லை. நான் அனுப்பப்பட்டேன். பயிற்றுநர் திட்டக்கூட இல்லை. "கேரண்டின்னியே" என்றார், அவ்வளவுதான். அந்தச் சீசனோடு என் ஆட்டம் முடிந்தது. படிப்பு இருந்ததால் பிழைத்தேன். அம்மா கடைசிவரை உன்னை விசாரித்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கான்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

குழுவில் இருப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அன்று என் கால் சரியில்லை என்றே இன்னும் நம்புகிறார்கள். ஒரே வரியில் உன் படத்தைக் கிழித்துவிடலாம். தட்டச்சு செய்தேன், அழித்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. நமக்குள் இருந்ததை வெளியே கொடுக்கிற வேலை உன்னுடையது. அதை நான் செய்ய மாட்டேன்.

நாளை காலையும் அந்தப் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். யாராவது குனிந்து இடது காலுறையைத் தொட்டால், என் கால் மறுபடியும் முன் கம்பத்துக்குப் பந்தை அனுப்பும். நீ காட்டிக்கொடுத்ததும், நீ செத்துப்போனதும், அந்தக் காலுக்கு இன்னும் தெரியாது.