காலிப் படகுக்கு உயரம் அதிகம்

ஜூலை 3, வியாழன்

நாங்கள் குடியிருக்கும் இந்தச் சரக்குப் படகின் கூரையில் காலையிலிருந்து தூறல். நாளைக்குச் சிமெண்டு மூட்டைகளை மேல்துறைக்குக் கொண்டுபோக வேண்டும். பேத்திக்கு முதல் பல் எட்டிப் பார்க்கிறது. விரலைக் கொடுத்தால் கடிக்கிறாள். என் வம்சம்.

ஜூலை 4, வெள்ளி

இன்று குட்டைப் பாலத்தில் நடந்ததை நானே எழுதிவைக்கிறேன். இல்லாவிட்டால் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள்.

அந்தப் பாலத்தின் கீழ் ஒரு நேரத்தில் ஒரு படகுதான் நுழையலாம். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வெள்ளை அடித்த கல் நட்டிருக்கிறது. எந்தப் படகு முதலில் தன் கல்லருகே வருகிறதோ அதற்கு வழி. மற்றது ஒதுங்கி நிற்க வேண்டும். எதிரே விறகுப் படகு வருவதைப் பார்த்தேன். அவன் வருவதற்குள் போய்விடு என்று மகனிடம் சொன்னது நான்தான். சொன்னால் என்ன? அவனுக்காக நின்றால் அரைப் பொழுது போய்விடும்.

கீழ்த்துறைக் கரையில் கட்டிக் கிடக்கும் படகுகளைத் தாண்டும்போது எஞ்சினைக் குறைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? கொஞ்ச தூரம்தானே என்று இருந்துவிட்டோம். எங்கள் அலையில் அத்தனை படகும் ஆடின. துணி விற்கும் படகில் அடுப்பில் இருந்த வெந்நீர் சரிந்து துணிக்காரியின் கையில் கொட்டிவிட்டது.

மகன் நிறுத்தப் பார்த்தான். பாலத்தின் வாயில் வந்துவிட்டு நிறுத்துவதாவது. போ என்றேன். அவள் கரையே கேட்கும்படி கத்தினாள். நானும் கூரை மேல் நின்று சொன்னேன்: "தண்ணியில அடுப்பு வச்சா ஆடத்தான் செய்யும். சமாளிக்கத் தெரியாதவ கரையில போய் குடும்பம் நடத்து."

சட்டென்று வந்த பதில். நல்ல பதில் என்றுதான் தோன்றியது.

ஜூலை 5, சனி

மகன் பாலத்தைத் தாண்டி நடந்துபோய்த் துணிக்காரியைப் பார்த்துவிட்டு வந்தான். நான் போகச் சொல்லவில்லை. முழங்கை வரை கட்டுப் போட்டிருக்கிறார்களாம். அவளுடைய புருஷன், அந்த மீசைக்காரர், இவனைப் படகில் ஏறவே விடவில்லை. "உங்கம்மா பேசின பேச்சுக்கு நீ எதுக்குத் தம்பி வந்தே?" என்று கேட்டாராம்.

இதைச் சொல்லிவிட்டு மகன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். மருமகள் என் தட்டை வைத்த சத்தமே ஒரு பேச்சாக இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

மழை.

ஜூலை 8, செவ்வாய்

மூட்டைகள் இறக்கியாயிற்று. கீழ்த்துறைக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனேன். பத்துப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குடத்தை வைத்ததும் பேச்சு நின்றது. வழிவிட்டார்கள், அதுவும் மரியாதையாக. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் என்னிடம் பதில் இருந்தது.

குடம் நிறைய அவ்வளவு நேரமா ஆகும்?

ஜூலை 9, புதன்

மதகுக்காரர் நோட்டீஸ் கொண்டுவந்தார். நானே வாங்கி எல்லோருக்கும் கேட்கப் படித்தேன். நான் படித்த ஐந்தாம் வகுப்பு இதற்குப் போதும். நாளை மாலை அணையைத் திறக்கிறார்கள். பாலத்துக்கு மேல்பக்கம், மேல்துறையில் இருக்கும் படகுகள் அதற்குள் கீழ்த்துறைக்கு இறங்கிவிட வேண்டும். கீழ்த்துறை அகலம், ஒதுக்குப்புறம், வெள்ளம் வந்தாலும் பயமில்லை. இங்கே நின்றால் எந்தக் கயிறும் தாங்காது என்றார்.

மறுபடி மேலே வந்திருந்த விறகுப் படகு தாழ்வானது, குனியாமலே போய்விட்டது. எங்கள் படகு பாலத்தில் போய் முட்டி நின்றது.

ஏறி வரும்போது சிமெண்டு அமுக்கிவைத்திருந்தது. இப்போது பாரம் இல்லை, படகு மிதந்து நிற்கிறது. மழையில் தண்ணீரும் ஏறிவிட்டது. போதாததற்கு அந்தக் கூரை. சொந்த வீட்டில் குனிந்து நடக்க நான் என்ன திருடியா என்று சொல்லி, போன வருஷம் ஒரு சாண் உயர்த்த வைத்தேன். வெல்டிங் வைத்த தகரம். கழற்ற முடியாது.

மகன் பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பினான். கல் ஏற்றினான். இருட்டும் வரை இரண்டு பேரும் கல் சுமந்தோம். இன்னும் நான்கு விரல் இடிக்கிறது. கரையில் கல்லும் தீர்ந்துவிட்டது.

மதகுக்காரர் அளந்து பார்த்துவிட்டு, "ஆளுங்களை ஏத்துங்க. ஒரு இருபது இருபத்தஞ்சு பேர் நெருக்கி உக்காந்தா எறங்கிடும்" என்றார். ஆட்கள் எல்லாம் கீழ்த்துறையில்தான் இருக்கிறார்கள். அது அவருக்கும் தெரியும். என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

மருமகள் தூளியை ஆட்டிக்கொண்டே சொன்னாள்: "நமக்கு வேற வீடு இல்ல அத்தை."

கீழ்த்துறைக்குப் போய் ஆள் கேக்கிறதா? நானா? அந்தத் துணிக்காரி முகத்துல எப்படிப் போய் முழிக்கிறது? மகன் போனா விரட்டுவாங்க. நான் போனா...

ஜூலை 10, வியாழன்

போனேன்.

பாலத்தின் மேல் நடக்கும்போது சொல்ல வேண்டியதை எல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். துணிக்காரி படகின் முனையில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் வரிசை கலைந்துவிட்டது. "படகு பாலத்துல முட்டுது. பாரத்துக்கு ஆள் வேணும்" என்று மட்டும் வந்தது.

பக்கத்துப் படகிலிருந்து ஒருத்தன், "பெரியம்மா தன் பெருமையோட ஏறி உக்காந்தாலே போதுமே, படகு முங்கிடுமே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வேறு யாரையாவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

துணிக்காரி சிரிக்கவில்லை. "குழந்தை எங்க?" என்று கேட்டாள்.

"தூளியில."

மடித்த துணியைக் கீழே வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு பாலத்தைப் பார்த்து நடந்தாள். மீசைக்காரர் ஏதோ முனகிக்கொண்டே பின்னால் போனார். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சிரித்தவனும் வந்தான்.

உள்ளே, முன்னால், பின்னால், எஞ்சின் மூடி மேல் எல்லாம் ஆட்கள். பாலத்தின் மேலிருந்து இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து மெல்ல விட்டார்கள். "தலை, தலை" என்று மகன் சொல்லிக்கொண்டே இருந்தான். எல்லோரும் குனிந்தோம். எனக்குக் கிடைத்த இடம் துணிக்காரியின் பக்கத்தில். கூரை பாலத்தில் உரசிக் கிறீச்சிட்டது. துருவாகக் கொட்டியது. பேத்தி வீரிட்டாள்.

அந்த இருட்டில் அவள் காதருகே சொல்லிவிட்டேன். "கை வெந்தது எங்களாலதான். நான் பேசினதும் தப்பு."

அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அன்னைக்கு வெளிச்சத்துல, ஊரே கேக்கத்தானே பேசினீங்க? இதையும் வெளிச்சத்துல சொல்லுங்க."

வெளியே வந்தோம். கண் கூசியது. எல்லோரும் நிமிர்ந்து முதுகைத் தட்டிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இறங்கிப் போய்விட்டார்கள்.

மாலையில் தண்ணீர் வந்தது. நாங்கள் நின்றிருந்த மேல்துறையே தெரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

வீடு தப்பிவிட்டது. பின்னே என்ன உறுத்தல்? சொன்னேனே. சொன்னது சொன்னதுதானே?

இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

மழை விட்டு நல்ல வெயில். துணி துவைக்கத் துறை முழுக்க ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்பினேன். நானும் வரேம்மா என்றான் மகன். வேண்டாம் என்றேன்.

படியின் நடுவில் நின்று சொன்னேன். வேகமாகப் போகச் சொன்னது நான், என் மகன் இல்லை என்றேன். நிறுத்த விடாததும் நான் என்றேன். அன்று கூரை மேல் நின்று பேசினேனே, அந்தப் பேச்சு தப்பு என்றேன்.

துணிக்காரி எழுந்து பக்கத்தில் வந்தாள். பேசினால் கேட்டுக்கொள்வது என்றுதான் நின்றேன். அவள் கட்டுப் போட்ட கையை என் முன்னால் நீட்டினாள். மாற்றிக் கட்ட வேண்டுமாம். புருஷன் கட்டினால் நழுவிவிடுகிறதாம்.

படியிலேயே உட்கார்ந்து மெல்லப் பிரித்தேன். மணிக்கட்டில் புதுத் தோல் வந்திருக்கிறது. முழங்கைப் பக்கம் இன்னும் ஈரம் காயவில்லை. வலிக்குதா என்று கேட்டேன். வலிக்குது என்றாள்.