தென்முனையில் மும்முனை இல்லை

பதிவு 1
ரேடியோ சார்ஜ்: 44%

மனிதகுலத்தின் கனிவான கவனத்துக்கு. நிலவின் தென்முனையில் உள்ள பிறை லாட்ஜ், பதினான்காம் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இல்லை என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறேன். அரைக் கம்பத்தில் பறக்கவிடக் கொடி இல்லாததால் என் ஈரத் துண்டைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

எழுதுபவன்: ஆல்வின், வயது பதினாறு, சொந்த ஊர் தூத்துக்குடி. லீவுக்கு அம்மாவுடன் வந்தவன். அம்மா ஜெசிந்தா பனிப் பொறியாளர். பள்ளத்துக்குள் உறைந்து கிடக்கும் பனியைத் துளைபோட்டு அளக்க வண்டி எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். சூரியன் இங்கே அடிவானத்தை விட்டு எழுந்திருக்கவே சோம்பல்படுகிறது. ஆகவே நேரத்தை நான், அம்மாவோடு பேச வைத்திருக்கும் கை ரேடியோவின் சார்ஜ் கணக்கில் குறிக்கிறேன்.

அறையில் பாயின்ட்டே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மூன்று இருக்கின்றன. ஒன்று அலமாரிக்குப் பின்னால். அலமாரியைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள். ஒன்று குளியலறையில், ஷேவிங் மெஷினுக்காக, இரண்டு பின். என் சார்ஜர் மூன்று பின். ஒன்று கூரையோரம், டிவிக்கு. அதில் சொருகினால் ரேடியோவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நிற்க வேண்டும். நிலவில் கை வலிக்காது, பொறுமைதான் வலிக்கும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

தென்முனை வரை வந்தும் மும்முனை கிடைக்காத வம்சம் நாங்கள்.

பதிவு 2
ரேடியோ சார்ஜ்: 40%

பாயின்ட் தட்டுப்பாட்டைப் போக்க என் பங்களிப்பு பற்றிச் சில வரிகள்.

எந்த லாட்ஜுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும் முன்பே அம்மா பாயின்ட் எங்கே என்று தேடுவாள். அவள் மகிழட்டும் என்று ஊரிலேயே ஸ்டிக்கர் அச்சடித்துக் கொண்டுவந்தேன். மூன்று துளை, ஒரு சுவிட்ச், சுவிட்சின் நிழல்கூட உண்டு. அசல் அளவு. வரவேற்பறையிலும் நடையிலும் எட்டு ஒட்டியாயிற்று. நேற்று மானேஜர் செங்கோடன் தன் சார்ஜரால் சுவரை மூன்று தடவை குத்திவிட்டு, சார்ஜரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் ஸ்டிக்கரையும் அசலையும் பிரித்துச் சொல்ல இந்த நிலவில் என்னைத் தவிர ஆள் கிடையாது.

எங்கள் அறையில் நான்கு. கதவோரம் ஒன்று, மேசைக்கு மேல் ஒன்று, டிவி பாயின்ட்டுக்கு ஜோடியாக ஒன்று, கட்டிலை ஒட்டிய சுவரில் ஒன்று. கடைசி இடம் எனக்காகவே வெள்ளையாக, சதுரமாக, வழுவழுவென்று காத்திருந்தது. இந்தப் பதிவை எழுதுவதும் அந்த ஸ்டிக்கர்களை உரித்த தாளின் முதுகில்தான்.

இன்னொரு சாதனை. வந்த அன்று, கட்டிலின் தலைப்பக்கம் வடக்கு என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான், ஆனாலும் வடக்கே தலை வைக்க மாட்டாள். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு தலையணையையும் கால்பக்கம் மாற்றிவிட்டாள். தென்முனையில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்குதான். முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு முனை தெரியவில்லை.

பதிவு 3
ரேடியோ சார்ஜ்: 31%

சூரியப் புயல். அறைக் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன. விளக்குகள் போய்விட்டன. ஒரே ஒரு சிவப்பு பல்பின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். சுவர் ஸ்பீக்கரில் மானேஜர்:

"தம்பி, பயப்படாத. புயல் நிக்கற வரைக்கும் கதவு தொறக்காது. நம்ம பெரிய ஆன்டெனா கருகிப்போச்சு. உங்கம்மா பள்ளத்துல இருந்து ஏறி வந்துட்டிருக்காங்க. அவங்க வண்டிக்கு வழி காட்டறது இப்ப உன் கையில இருக்கற ரேடியோ ஒண்ணுதான். அது பீப் போட்டுட்டே இருக்கோணும். சார்ஜ் போட்டு வெச்சிருக்கயல்ல சாமி?"

நான் பதில் சொல்லவில்லை. சிக்னல் சரியில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும்.

அந்தப் பள்ளத்துக்குள் வெயில் விழுந்ததே இல்லை. வண்டி விளக்கு நாலடிக்கு மேல் எட்டாது. பீப் எந்தப் பக்கம் உரக்கக் கேட்கிறதோ அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பித்தான் அவள் வர முடியும்.

பதிவு 4
ரேடியோ சார்ஜ்: 22%

டிவி பாயின்ட் செத்துவிட்டது. இப்போது கை ஒடியும்வரை தூக்கிப் பிடிக்கத் தயாராக இருக்கிறேன், கரண்ட் இல்லை. சுவரைத் தொட்டேன், ஷாக் அடிக்கவில்லை. அதுதான் ஷாக்.

மானேஜர்: "எல்லா பாயின்ட்டையும் மெஷினே கட் பண்ணிப்போடும் தம்பி. ரூமுக்கு ஒண்ணு மட்டும் எமர்ஜென்சி லைன்ல இருக்குது. தலைமாட்டுல பாரு. சுவத்துல சின்னதா ஒரு வெள்ளை மூடி. தள்ளுனா உள்ள பாயின்ட்."

தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். சுவரை அங்குலம் அங்குலமாகத் தடவினேன். தலைமாட்டில் மாடும் இல்லை, மூடியும் இல்லை.

ரேடியோவில் அம்மா: "எலேய் ஆல்வின், பீப் நல்லா கேக்குது. அத மட்டும் அணைச்சிராத, என்ன. இடது பக்கம் பெருங்குழி ஒண்ணு கெடக்கு. எங்க முடியுதுன்னே தெரியல. மெல்லமாத்தான் வாரேன். சாப்ட்டியால?"

சாப்பிட்டேன் என்றேன். சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பதிவு 5
ரேடியோ சார்ஜ்: 12%

விளக்கின் அடிப்பாகத்தைக் கழற்றினேன். உள்ளே வயர் கிடையாது, அலங்காரம். அலமாரி போல்டை ஸ்பூனால் திருகினேன். ஸ்பூன் திருகிக்கொண்டது. ஒரு அறை கட்டுகிறவனுக்கு ஒரு பாயின்ட்டை மனிதன் கண்ணில் படுகிற இடத்தில் வைக்க என்ன கேடு? இரண்டு லட்சத்துச் சொச்சம் மைல் ராக்கெட் விடத் தெரிகிறது, கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று ஓட்டை போடத் தெரியவில்லை.

மானேஜரிடம் கத்திவிட்டேன். தலைமாட்டில் ஒரு எழவும் இல்லை என்று சொன்னேன். அவரும் கத்தினார்:

"தலைமாடுன்னா தலைமாடு. அங்கதான் இருக்குது. கால்மாட்டுல எவனாச்சும் பாயின்ட் வெப்பானா?"

கால்மாடு.

பதிவு 6
ரேடியோ சார்ஜ்: 7%

தலையணை இருக்கிற இடம் தலைமாடு இல்லை. தலையணையை அம்மா மாற்றினாள். மாற்ற வைத்தது நான்.

கட்டிலின் மறுபக்கம் ஓடினேன். மூடி இல்லை. சிவப்பு வெளிச்சத்தில் அங்கே ஒரு பாயின்ட்தான் தெரிந்தது. மும்முனை, சுவிட்ச், நிழல். சார்ஜரைக் குத்தினேன். வழுக்கியது. என்னுடையது. நானே ஒட்டியது.

மானேஜரிடம் சொன்னேன், இங்கே என் ஸ்டிக்கர் மட்டும்தான் இருக்கிறது என்று. அவர்: "வரவேற்பறையில ஒட்டுனதும் நீதானா?"

அம்மா: "பீப் விட்டு விட்டு வருதுல. வண்டிய நிறுத்திட்டேன். குழி எந்தப் பக்கம்னு புரியல. ஆல்வின், கேக்குதா?"

கேட்கிறது. இந்தச் சுவர் முழுக்கச் சொரசொரப்பு. ஸ்டிக்கர் ஒட்ட நான் தேடிய இடம் மட்டும் வெள்ளையாக, சதுரமாக, வழுவழுவென்று

பதிவு 7
2%

உரியவில்லை. ஊர்க் கடைக்காரரிடம் நல்ல கோந்தாகக் கேட்டு வாங்கினேன். சாகும்வரை உரியாது தம்பி என்றார். நேர்மையான மனுஷன். நகம் போய்விட்டது. பல்லால் ஒரு மூலை

வந்தது. கீழே மூடி. தள்ள வரவில்லை. ஸ்பூன் எங்கே

பதிவு 8
3%

மூன்று. இரண்டு இல்லை, மூன்று. ஏறுகிறது.

அம்மா: "ஆ, இப்ப கேக்குது. வலது பக்கம். அணைச்சிராதல."

பதிவு 9
ரேடியோ சார்ஜ்: 29%

வண்டி வந்துவிட்டது. அம்மா வரவேற்பறையில் இருக்கிறாள். கதவு இன்னும் திறக்கவில்லை, ஆகையால் ஸ்பீக்கர் வழியாகத்தான் பேச்சு. ஸ்டிக்கர் கதை முழுவதையும் மானேஜர் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். அம்மா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஸ்பீக்கரில் பிரித்தறிய முடியவில்லை. அப்புறம்:

"ஏலே கோட்டிப்பயலே. தென்முனையில எல்லாப் பக்கமும் வடக்குன்னு எனக்குத் தெரியாதா? எட்டு வருசமா இங்கதான மண்ணக் கிண்டுதேன். அந்தப் பக்கம் வெளிச்சுவரு, குளிர் எறங்கும். உனக்கு ராத்திரி மூக்கு அடைக்கும். அதான் தலாணிய மாத்துனேன். நீ ஏதோ சாதிச்ச மாதிரி இளிச்சுக்கிட்டு நின்ன. சரி, பிள்ள சந்தோசமா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

இதைக் கண்டெடுப்பவர்கள் இரண்டாம் பதிவைத் தயவுசெய்து படிக்காமல் தாண்டிவிடவும்.

கதவு திறப்பதற்குள் அறையில் மீதியுள்ள மூன்றையும் உரித்துவிட வேண்டும் என்று அம்மா உத்தரவு. கதவோரத்தில் இருந்தது வந்துவிட்டது. மேசைக்கு மேல் இருந்ததும் வந்துவிட்டது. டிவிக்குப் பக்கத்தில் இருப்பது மட்டும் வர மாட்டேன் என்றது. நாற்காலி மேல் ஏறி நின்று, மிச்சமிருந்த நகமும் போகும்வரை, ரொம்ப நேரம் சுரண்டினேன்.

அது லாட்ஜினுடையது. என்னுடையது அதற்கு இடது பக்கம்.