கடுகு வெடிக்கும் சத்தம்

மார்ச் 3

வதக்குவதற்கும் வறுப்பதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று இன்றும் மனைவியிடம் போனில் சொன்னேன். பொய். போன வாரமே தெரிந்துகொண்டேன். ஈரமுள்ளதை எண்ணெய் விட்டு வதக்குவது, காய்ந்ததை வெறும் சட்டியில் வறுப்பது. இதில் என்ன பெரிய வித்தை? அவள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் இங்கே வரை கேட்டது. "நான் இல்லாம பட்டினிதான் கிடக்கப் போறீங்க" என்றாள். கேட்க எவ்வளவு இதமாக இருந்தது!

மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போனவள், மாதக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சமைக்கத் தெரியாத வரை வந்துவிடுவாள்.

மார்ச் 6

மகள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்கிறாளாம். "அப்பா எப்படியாவது சமாளிச்சுக்குவார்ம்மா" என்றாளாம். சமாளிப்பேனா? விடுவேனா?

வெங்காயம் கருகிவிட்டது என்றேன்.

"பொன்னிறமானதும் தக்காளி போடுங்கன்னு சொன்னேனே?"

"பொன்னிறம்னா எந்த நிறம்?"

"என் செயினப் பாத்ததே இல்லையா நீங்க?"

சட்டியில் வெங்காயம் அவள் செயின் நிறத்தில்தான் இருந்தது. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிர் நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டேன்.

மார்ச் 9

லிஃப்ட் ரிப்பேருக்கு என்னோடு வருபவன் கிரீஸ். எந்நேரமும் கையில் அதுதான், அதனால் அந்தப் பெயர். என் டப்பாவிலிருந்து கத்தரிக்காயை எடுத்துத் தின்றுவிட்டு, "அண்ணி வந்தாச்சா?" என்றான். நான்தான் சமைத்தேன் என்றால் நம்பவில்லை. "காய் குழையல, மசாலாவுல பச்சை வாசனை இல்ல. யார்கிட்டண்ணே கதை விடுறீங்க?"

தலைகால் புரியவில்லை எனக்கு. ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொல்ல வேண்டிய ஒருத்தியிடம் சொல்ல முடியாது.

மார்ச் 12

பருப்பு. சோறு. வேறொன்றும் இல்லை.

மார்ச் 15

கெடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

போனை அடுப்புப் பக்கத்தில் வைத்துப் பேசிக்கொண்டே பருப்புக்குத் தாளித்தேன். எண்ணெய் காயும் முன்பே கடுகைப் போட்டுவிட்டு, வெடிக்கவே மாட்டேன்கிறது என்று புலம்ப வேண்டும். அதுதான் திட்டம். கை கேட்டால்தானே? எண்ணெய் காய்ந்த பிறகே கடுகு விழுந்தது. படபடவென்று வெடித்தது. அடங்கும் நேரம் பார்த்து சீரகம், மிளகாய், கறிவேப்பிலை. சொய்யென்று பருப்பில் கொட்டி மூடினேன்.

சத்தம் அடங்கியதும், "யாரு தாளிச்சது?" என்றாள்.

"நான்தான்!" வாய்க் கொழுப்பு. கிரீஸ் ஏற்றிவிட்ட கிறுக்கு இன்னும் இறங்கவில்லை.

"அடேயப்பா. எனக்கே சில நாள் இப்படி வராது. இனி எனக்கென்ன கவலை? இன்னும் மூணு மாசம் இருந்துட்டே வரேன்."

முட்டாள். யாருக்குக் காட்டடா அவ்வளவு ஒழுங்கா தாளிச்ச?

மார்ச் 17

போன் வரவில்லை. எதற்கு வரும்?

மார்ச் 20

நானே கூப்பிட்டேன். சோறு குழைந்துவிட்டது என்றேன். "நடிக்காதீங்க" என்று சிரித்தாள். குழந்தை அழுததும் போனை வைத்துவிட்டாள். சொல்ல நினைத்தது வேறு. எனக்குச் சமைக்க ஆள் வேண்டாம், நீதான் வேண்டும். இதைச் சொல்வதற்கென்ன, நாக்கு சுளுக்கிக்கொண்டதா?

மார்ச் 24

சொல்லிவிட்டேன். மத்தியானம், மொட்டை மாடி மெஷின் ரூமில், கிரீஸ் டீ வாங்கப் போன நேரம். "சாப்பாட்டுக்குன்னு இல்ல. நீ இல்லாம வீட்டுக்குப் போகவே பிடிக்கல."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"டவர் இல்லையா?"

"இருக்கு" என்றாள். வைத்துவிட்டாள்.

இந்த வயதில் உளறிவிட்டேனோ?

மார்ச் 25

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"அன்னிக்கு அவ்வளவு அழகா தாளிச்சீங்களா, இனி நான் எதுக்குன்னு ஆயிடுச்சு. அந்த ரோஷத்துலதான் மூணு மாசம்னு சொன்னேன்."

மகள் வீட்டில் தாளிக்கவே கூடாதாம். கொஞ்சம் புகைந்தாலும் கூரையில் இருக்கிற மணி அலறுகிறது, குழந்தை விழித்துக்கொள்கிறது. எல்லாம் வேகவைத்ததுதான். "மாப்பிள்ளை வேலைக்குப் போயிடுறார். நம்ம பொண்ணும் பாப்பாவும் தூங்கிட்டா நான் சுவரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"வந்துடேன்."

"வரேன். பாப்பாவுக்குத் தலை நிக்கட்டும், உடனே வரேன்."

போனை வைக்கும் முன், "இன்னிக்குத் தாளிச்சாச்சா?" என்று கேட்டாள். சமையல் முடிந்து அடுப்பைக்கூடத் துடைத்துவிட்டேன். இல்லை என்றேன்.

"அன்னிக்கு மாதிரி போனைப் பக்கத்துல வைங்க."

எண்ணெய் வைத்துக் கடுகு போட்டேன். வெடித்தது. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும்தான். எல்லாம் அடங்கியதும், "இன்னொரு தடவ" என்றாள்.

தாளித்துக் கொட்ட வீட்டில் பருப்பு இல்லை. கரண்டியில் இருந்ததை ஒரு கிண்ணத்தில் வழித்துவிட்டு, மறுபடியும் எண்ணெய் ஊற்றினேன்.