மிஞ்சிய குப்பிகள்

என் அன்பான இஞ்சேருங்கோவுக்கு,

வேறு எப்படி உங்களைக் கூப்பிட? கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என் வாயில் வருவது இதுதான். அன்புவழிபுரம் வீடு அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் ஊரடங்கு.

உங்கள் மறதிக்கு வாங்கிய ஊசிமருந்து இன்னும் பிரிட்ஜில் மிஞ்சிக் கிடக்கிறது. கனடாவிலிருந்து உங்கள் தம்பி ஆள் பிடித்து அனுப்பியது. "குப்பியள் வந்திட்டுதோ அண்ணி?" என்று அவர் தொலைபேசியில் கத்தியபோது நான் அவசரமாகப் பேச்சை மாற்றினேன். இங்கே குப்பி என்றால் இயக்கத்துப் பெடியள் கழுத்தில் கட்டும் நஞ்சு. இதெல்லாம் மறந்துபோன ஊரிலிருந்து கதைக்கிறார், பாவம்.

பன்றி மூளையில் எடுத்த புரதத் துணுக்குகளாம், ஞாபகம் திரும்புமாம். முட்டைகூடத் தொடாத மனுசன் நீங்கள்! எங்கள் நாட்டில் அனுமதி இல்லாத மருந்து. டொக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "இதால ஞாபகம் திரும்பினதெண்டு நம்பக்கூடிய ஆதாரம் ஒண்டும் நான் காணேல்லை அம்மா. வெயிலுக்க பழுதாகாமத்தான் வந்ததோ தெரியாது. இதால வலிப்பும் வரலாம்; வந்தா ஊரடங்குக்க எப்பிடிக் கொண்டு வருவீங்கள்?"

நான் வேண்டாமென்றுதான் இருந்தேன். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பெயர் கேட்க, நீங்கள் பதில் தெரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்களே, அன்று மனம் மாறிவிட்டது. இன்னொரு முறை அப்படி நின்றால் கொண்டுபோய்விடுவார்களே.

இரண்டாம் ஊசிக்குப் பிறகு, "கமலா, தேத்தண்ணி" என்று என் பெயர் சொல்லிக் கேட்டீர்கள். நான் குசினிக்குள் போய் அழுதேன். ஆனால் ஊசிக்கு முந்தின மாதமும் ஒருநாள் அப்படிக் கூப்பிட்டீர்கள்தானே? பிறகு வலிப்பு வந்தது. ஊரடங்கை எடுத்தபிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உங்களுக்கு உயிர் இல்லை. ஊசியாலா, மறதி வருத்தத்தாலா? யாரிடம் கேட்பேன்?

நேற்றுப் பக்கத்து வீட்டு ராணி வந்தாள். அவளுடைய தாய்க்கும் மறதி முற்றிவிட்டது. "மிச்ச மருந்தைத் தாங்கோ அக்கா. அவர் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவரெல்லே?"

"ஓம், கூப்பிட்டவர். ஊசி போடாமலும் கூப்பிட்டவர். வலிப்பும் வந்தது."

"கூப்பிட்டவர்தானே," என்றாள். மிச்சம் அவள் காதில் ஏறவில்லை.

நான் கொடுக்கவில்லை. அழுதுகொண்டு போனாள். மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் தாயை இழக்கத்தான் போகிறாள். அதை எப்படிச் சொல்ல?

நாளைக்கும் வருவாள். நாளைக்கும் இதையேதான் சொல்வேன். உங்களைக் கொன்றது ஊசிதான் என்று சொல்லமாட்டேன், அது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் "கமலா"வை ஊசிக்கு விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். அது நீங்கள் கூப்பிட்டது.

உங்கள் வீட்டுக்காரி,
கமலா