வாங்கின விலை

இன்று காலை ஷட்டரைத் தூக்கிவிட்டு செல்போனைப் பார்த்தேன். அந்த இரும்புக் கம்பெனியின் பங்கு, நீ வாங்கின விலையைத் தாண்டிவிட்டது. போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம், உன் பெயிண்டுக் கடை இருந்த இடத்தில், இப்போது எவனோ செருப்பு விற்கிறான்.

இந்த விலைக்காகத்தானேடா காத்துக் கிடந்தாய்?

வண்ணார்பேட்டையில் பாதிக் கடைக்காரர்களுக்குப் பங்குச்சந்தையைப் பழக்கியவன் நீ. பங்கு என்றால் கம்பெனியில் நமக்கும் ஒரு துண்டு உரிமை. லாபத்தில் நமக்குப் பிரித்துத் தருவது டிவிடெண்ட். இந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடு என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது ஸ்டாப்லாஸ். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் விளங்க வைத்துவிடுவாய். எனக்குக் கணக்குத் திறந்துகொடுத்த அன்று கறாராகச் சொன்னாய்: "ஏலே, ஆஸ்பத்திரிக்கு, பிள்ளை படிப்புக்குன்னு வச்சிருக்க துட்ட மட்டும் இதுல போட்டுராத. அது தனியா பேங்குல கிடக்கணும்."

அதே வாய்தான், அந்தப் பங்கு சரியச் சரிய, "ஆவரேஜ் பண்ணுதேம்லே" என்றது. இறங்கும்போது இன்னும் வாங்கினால் சராசரி விலை குறையுமாம். வங்கியில் கிடந்ததையெல்லாம் எடுத்து அதிலேயே கொட்டினாய். ஸ்டாப்லாஸ் போட்டாயா என்று கேட்டால், "அது பயந்தவனுக்கு" என்று சிரித்தாய்.

அப்புறம் நெஞ்சு வலித்தது. ரத்தக்குழாயில் அடைப்பு, ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் என்று பாளையங்கோட்டை டாக்டர் உன் முகத்துக்கு நேரேதான் சொன்னார். திரும்பும்போது ஆட்டோவில் கெஞ்சினேன்.

"நட்டம்னாலும் வித்துருலே."

"வித்தாத்தாம்லே நட்டம். விக்காத வரைக்கும் அது வெறும் நம்பரு. வாங்கின விலை வரட்டும், மறுநாளே போய்ப் படுத்துக்கிடுதேன்."

"அப்ப நான் தாரேன்."

"எங்கிட்ட இருக்கும்போது உங்கிட்ட எதுக்குலே வாங்கணும்?"

மாத்திரையை விழுங்கிக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தாய். ஒரு திங்கட்கிழமை, பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே சரிந்து விழுந்தாய். கருப்பந்துறையில் உன்னை எரித்துவிட்டு ஆற்றில் முங்கியபோதும் எனக்கு அழுகை வரவில்லை; பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உன் வீட்டம்மா கேட்டார்கள்: "அண்ணாச்சி, கையக் காலக் கட்டியாவது விக்க வச்சிருக்கப்படாதா?"

பங்குகள் அவர்கள் பேருக்கு மாறிய வாரமே பாதி விலைக்கு விற்று, பையனைக் காலேஜில் சேர்த்தார்கள். "இன்னும் கொஞ்சம் ஏறட்டுமே" என்று நான்தான் உளறினேன். "ஏறினா என்ன, இறங்கினா என்ன அண்ணாச்சி? பீஸு கட்டணும்லா" என்றார்கள்.

ஐப்பசியில் என் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அந்த நேரம் பார்த்து வங்கியில் பணம் போதவில்லை. என் பங்குகளெல்லாம் நட்டத்தில், திரையில் சிவப்பாகக் கிடந்தன. விற்கப் போன விரல் நின்றது. இரண்டு நாள் பொறுத்தால் ஏறும் என்று மனசு சொன்னது. உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே விற்றேன். அவள் நல்லபடியாக வீடு திரும்பினாள்.

உன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லைலே. ஆறினால் எனக்கும் உன் புத்தி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.