அண்ணர் சுற்றிய ட்ரான்ஸ்போமர்

செவ்வாய், வெள்ளவத்தை

கோயில் அம்பிளிபயரை நாளை கொடுக்க வேண்டும். மருதானையில் வாங்கிய புது அவுட்புட் ட்ரான்ஸ்போமரில் இரண்டு பாதிச் சுற்றுகளும் ஒத்துவரவில்லை, பாட்டு கரகரக்கிறது. மிஞ்சியிருந்தது அண்ணர் தன் கையால் சுற்றியது. கடையைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டு என்னைத் தெருவில் விட்டவர். போன வருடம் செத்தார். அவர் செய்த எதையும் தொடுவதில்லை என்றிருந்தேன்.

மத்தியானம் வேறு வழியில்லாமல் அதை அம்பிளிபயரில் பூட்டினேன். சோதிப்பதற்காக ஸ்பீக்கருக்குப் பதில் ஒரு ரெசிஸ்டரை இணைத்து, மைக்கில் "ஹலோ" என்றேன். ட்ரான்ஸ்போமரே மெல்லிய குரலில் "ஹலோ" என்றது. இரும்புத் தகடுகள் தளர்ந்திருந்தால் அப்படிப் பேசும். புதுமையில்லை.

குசினியிலிருந்து மனைவி கேட்டாள்: "இஞ்சேருங்கோ, ஆர் வந்திருக்கினம்? பெரியத்தான்ரை குரல் மாதிரிக் கிடக்கு." அண்ணரை அவள் பெரியத்தான் என்றுதான் கூப்பிடுவாள்.

"செத்த மனிசன் வருவாரோ? நான்தான் கதைச்சனான்."

"உங்கட குரல் எனக்குத் தெரியாதே?"

தகடுகளின் போல்ட்டுகளை இறுக்கினேன். பேச்சு நின்றது. பிறகு ஸ்பீக்கரைக் கொழுவினேன். இவ்வளவு சுத்தமான சத்தத்தை நான் கேட்டதில்லை. அதையே கொடுத்துத் தொலைக்கிறேன். வீட்டை விட்டுப் போகட்டும்.

சற்று முன், ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். அரைத் தூக்கத்தில் எழுந்த மனைவி, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, "ஓம், பெரியத்தான்" என்றாள்.